கம்பிவலைக்கு வெளியே நின்ற கோழிகள்

அன்று காலை கோழிக் கொட்டகை முன்னால் இருந்தவர்கள்: ஆஸ்பத்திரி டாக்டர். மாட்டு டாக்டர். கொசு பிடித்து ஆராய்கிறவர். அவரைப் பூச்சிக்காரர் என்போம். கணக்குப் போடுகிறவர். ஜீப் டிரைவர். அப்புறம் நான், காவல்காரன். உள்ளே செத்த கோழிகள் கிடந்தன.

அறுபதுகளில் நடந்தது. அதற்கு முன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி இருமல் பிடித்தது. வேலையை விட்டேன். வீட்டுக்காரி அதற்கு முந்தியே போய்விட்டாள். பிள்ளை இல்லை. ஊத்துக்குளிப் பக்கம் ஒரு குளத்துக் கரையில் கோழி காக்க ஆள் வேண்டும், அங்கேயே தங்க வேண்டும் என்றார்கள். எனக்கு எந்த இடமும் ஒன்றுதான். போனேன்.

தின்பதற்கான கோழிகள் இல்லை. வேறு ஜில்லாவில் குழந்தைகளுக்கு மூளைக் காய்ச்சல் வந்துகொண்டிருந்தது. இங்கே வரவில்லை. வந்தால் முதலில் கொசுவில் வரும், அந்தக் கொசு கடித்த கோழியின் ரத்தத்தில் அடையாளம் தெரியும், கோழிக்கு ஒன்றும் ஆகாது என்று டாக்டர் சொன்னார். வாரா வாரம் ஜீப் வரும். மாட்டு டாக்டர் இறக்கையில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பார். பூச்சிக்காரர் சுவரில் குழாய் வைத்துக் கொசுவை உறிஞ்சிப் பிடிப்பார். கணக்குக்காரர் கோழிக் கால் வளையத்தில் உள்ள எண்ணைப் பார்த்து எழுதுவார். டாக்டர் ஊருக்குள் போய்க் காய்ச்சல் விசாரிப்பார். மத்தியானம் கிளம்பிவிடுவார்கள்.

மற்ற நாளெல்லாம் நானும் கோழிகளும். ரத்தம் எடுக்கிற இடம் என்று ஊர் ஜனங்கள் கிட்டத்தில் நின்று பேச மாட்டார்கள். சந்தைக்குப் போகிறவர்கள் கரைமேல் நின்று கேலி செய்வதோடு சரி.

"ஏனுங்க, கோழிக்கு நீங்க காவலுங்களா, உங்களுக்குக் கோழி காவலுங்களா?"

இரண்டுந்தான் என்பேன். சிரித்துக்கொண்டு போவார்கள். சிரிப்புச் சத்தம் மறைகிற வரை கேட்டுக்கொண்டிருப்பேன். நான் இருமினால் கோழிகள் தலையைத் தூக்கிப் பார்க்கும். பேச்சுத் துணை என்றால் அதுதான்.

மாசிக் கடைசியில் கோழிகள் வெள்ளையாகக் கழிந்தன. கழுத்தைத் திருகிக்கொண்டு விழுந்தன. சொல்லியனுப்பினேன். ஜீப் வந்தது.

மாட்டு டாக்டர் பார்த்ததுமே, இது கோழிக் கழிச்சல், கோழிக்குக் கோழி ஒட்டுகிற நோய், நாம் தேடுகிற காய்ச்சல் இல்லை என்றார். டாக்டர் ஒப்பவில்லை. கழுத்து திருகுகிறது, மூளையில் அல்லவா பிடித்திருக்கிறது என்றார். தெரிந்த காய்ச்சல் கோழியைக் கொல்லாது. தெரியாத ஒன்று வந்திருந்தால்? பூச்சிக்காரர், இந்த மாதம் கொசுவே குறைவு என்றார். கழிச்சல் என்றால் வெளிக்கோழி அண்டாத இடத்துக்கு எப்படி வந்தது என்று டாக்டர் கேட்டார். மாட்டு டாக்டர் இன்னொரு செத்த கோழியைப் புரட்டிப் பார்த்தார்.

என் பயம் வேறு. கழிச்சல் என்றால் மிச்சத்தையும் கொன்று கொட்டகையை மூடிவிடுவார்கள். காய்ச்சல் என்றால் கோழிகள் இருக்கும், நானும் இருப்பேன். ஆனாலும் காய்ச்சலாக இருக்கட்டும் என்று நினைக்க முடியவில்லை. ஊரில் குழந்தைகள் இருந்தன.

கணக்குக்காரர் என்னைக் கேட்டு, எது எப்போது எங்கே செத்தது என்று குறித்துக்கொண்டு வந்தார். முதலில் செத்ததெல்லாம் கிழக்குப் பக்கத்துக் கம்பிவலை ஓரம். அங்கே போய் நின்றார். வலைக்கு வெளியே வேறு கோழிகள், காலில் வளையம் இல்லாதவை, சிந்திய தீனியைப் பொறுக்கிக்கொண்டிருந்தன. உள்ளே இருந்ததும் வெளியே இருந்ததும் மூக்கோடு மூக்கு.

இவை யாருடையவை என்று கேட்டார்.

ஒப்பிட்டுப் பார்க்க மாட்டு டாக்டர் வைத்தவை என்று டாக்டர் நினைத்திருந்தார். காவல்காரன் குழம்புக்கு வளர்க்கிறான் என்று மாட்டு டாக்டர். கொசுவை இழுக்க டாக்டர் விட்டவை என்று பூச்சிக்காரர். கணக்குக்காரர் வளையம் போட்டதை மட்டுமே எண்ணுகிறவர். எல்லாரும் வாரா வாரம் பார்த்தவைதான். ஒருவரை ஒருவர் கேட்டதில்லை.

என்னைக் கேட்டார்கள்.

"சாமி கோழிங்க," என்றேன்.

"எந்த சாமி?" என்றார் டாக்டர்.

"மாரியாத்தாளுங்க. ஊட்ல கொழந்தைக்கு ஒடம்பு சுட்டா, தலையச் சுத்திக் கொண்டாந்து இங்க உட்டுட்டுப் போவாங்க. அறுக்காம, ஆள் போட்டுக் காக்கற கோழி, நேந்து உட்டதாத்தான் இருக்கும்னு நெனச்சுக்கிட்டாங்க. உட்டத யாரும் தொடக் கூடாதுங்க."

மாட்டு டாக்டர் இந்தப் பக்கத்து ஆள். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "எங்கூர்லயும் இதேதானுங்க டாக்டர். எனக்கே தோணல பாருங்க."

நாலு பேரும் என் பாயை வாங்கி விரித்து ஒன்றாக உட்கார்ந்தார்கள். அப்படி உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். வெளிக்கோழி எந்த வீட்டிலிருந்து வந்தது, அந்த வீட்டில் என்ன காய்ச்சல் என்று டாக்டர் என்னிடம் கேட்டுக் கேட்டு ஊருக்குள் போனார். சாதாரணக் காய்ச்சல்தான். செத்த கோழி ஒன்றை ஐஸில் வைத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். கழிச்சல் என்றே பதில் வந்தது.

எல்லாவற்றையும் கொன்று புதைக்கச் சொன்னார்கள். வேறு ஊரில், முதலில் ஊராரிடம் பேசிவிட்டு, புதிதாக வைப்பார்களாம். காவலுக்கு அந்த ஊர் ஆளையே போடுவார்களாம். சரிங்க என்றேன்.

சாமி கோழியைத் தொட டிரைவர் மாட்டேன் என்றார். எனக்கும் கை வரவில்லை. மாட்டு டாக்டர் போய், கோழி விட்டவர்களில் ஒரு அம்மாவைக் கூட்டி வந்தார். அவள் கரையிலேயே நின்றாள்.

"எம்புள்ள பொழச்சுக்கிச்சுங்க. ஆத்தா வாங்கிக்கிட்டா. இனி அது உங்க பாடு."

சாயங்காலத்துக்குள் முடித்தேன். சுண்ணாம்பு போட்டு மூடினேன். கணக்குக்காரர் வந்து, வளையம் போட்டது எத்தனை, போடாதது எத்தனை என்று தனித்தனியாகக் கேட்டார். குழியில் போடும்போது நான் பிரிக்கவில்லை. மொத்தம் சொன்னேன்.

எழுபத்தொன்று.