ராக்கெட் பெட்டியோடு போகிறவள்

புனேயில் நேர்காணலின்போது பேராசிரியர் நீட்டிய கேள்வித்தாளை, பதில் சொல்லிக்கொண்டே உருட்டிவிட்டாள் மாரிசெல்வி. கையில் காகிதம் கிடைத்தால் போதும், அவள் விரல்கள் அதை இறுக்கமான குழாயாக்கிவிடும். பஸ் டிக்கெட், ஹால் டிக்கெட், என் ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கம், எதுவும் தப்பாது. சிவகாசிப் பக்கம் எம். புதுப்பட்டியில் பள்ளிக்கூட லீவெல்லாம் வெடிக்குக் குழாய் உருட்டிய கை அது. "தாளைத் திருப்பிக் குடுக்கையிலதான் பாத்தேன். மருந்தடைக்க மட்டுந்தான் பாக்கி. அந்த சாரு சிரிச்சுட்டாரு" என்றாள், திரும்பி வந்த மறுநாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். விருதுநகரில் எம்.எஸ்ஸி. வேதியியல் கடைசி வருடம், இருவரும் ஒரே பெஞ்சு. ஆராய்ச்சிப் படிப்புக்கு ஆறு இடங்களுக்கு ஒரே நாளில், ஒரே தபால் நிலையத்தில் விண்ணப்பம் போட்டோம். அவளை நான்கு இடங்களில் கூப்பிட்டார்கள். என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. படிப்பு முடியும் முன்பே அவள் புனே, ஹைதராபாத் என்று போய் வருகிறாள்; எங்கள் வீட்டுப் பீரோ மேல் சக்கரம் வைத்த சூட்கேஸ் தூசி படிந்து கிடக்கிறது. எனக்கு வயிறு எரிகிறது. இதற்கு நாகரிகமான வார்த்தை தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை.

போன இடத்தைப் பற்றி அவளுக்குப் பெருமையடிக்கவும் தெரியாது. அதுதான் இன்னும் எரிச்சல். ஆய்வுக்கூடம் எப்படி என்று கேட்டால் கெஸ்ட் ஹவுஸைப் பற்றிச் சொல்வாள். "எனக்குன்னு தனி ரூமு ஸ்ரீமதி. உள்ள தாப்பா போட்டுட்டு சும்மா நின்னுக்கிட்டே இருந்தேன், அம்புட்டு நேரம்." எட்டாம் வகுப்பிலிருந்து எனக்குத் தனி அறை உண்டு. இருந்தும் அந்த அறை எனக்குக் கிடைக்கவில்லையே என்றுதான் இருந்தது.

அவள் இரவல் வாங்கிய பையின் ஜிப் ஹைதராபாத்தில் அறுந்துபோனது. அடுத்தது பெங்களூர், அவள் முதலிலிருந்தே ஆசைப்பட்ட இடம். அவள் அம்மா குருவம்மாள் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனியிலிருந்து கெட்டியான அட்டைப்பெட்டி ஒன்று கொண்டுவந்தார். நான்கு கலரில் ராக்கெட் படம். அந்தப் படம் சிவகாசியில் எங்கள் அச்சகத்தில் அடித்தது. ஆக, எங்கள் வீட்டு ராக்கெட்கூட என்னைவிட அதிகம் ஊர் பார்க்கப் போகிறது.

எங்கள் பக்கத்தில் அரிசி, ரேஷன் கார்டு, கைக்குழந்தையின் துணி எல்லாம் பட்டாசுப் பெட்டியில்தான் இருக்கும். யாருக்கும் அது கண்ணில் படாது. ஆனால் ரயிலில் வெடி ஏற்றக்கூடாது. ராக்கெட் படத்தைக் கண்டால் போலீஸ் விடாது. எங்களுக்கு அது தெரியும். அச்சகத்தில் அடிக்கும் காலண்டர்களைப் பழைய பட்டாசுப் பெட்டியில் போட்டுத்தான் ரயிலில் அனுப்புகிறோம். அதற்காகவே அப்பா ஒவ்வொரு பெட்டியையும் பிரித்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி ஒட்டச் சொல்வார். சாத்தூர் ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போன நான், அவள் பெட்டியைப் பார்த்தேன். சொல்ல ஒரு நொடி போதும். சொல்லவில்லை.

"என்னம்மா, வெடியா?" என்றார் போலீஸ்காரர்.

"சர்டிபிகேட்டு சார். நாளைக்குப் பத்து மணிக்கு இன்டர்வியூ."

"சிவகாசிப் பக்கத்துல எல்லாரும் இதத்தான் சொல்லுதீக. பிரி."

பெட்டியைக் கட்டிய கயிற்றில் குருவம்மாள் போட்ட முடிச்சு லேசில் அவிழவில்லை. பெங்களூர் வழியாகப் போகும் மைசூர் வண்டி வந்து நின்றுவிட்டது. இரண்டு சுடிதார், புளிச்சோற்றுப் பொட்டலம், மார்க் ஷீட் எல்லாம் பிளாட்பாரத்தில் பரப்பிக் கிடந்தன. விசில் ஊதினார்கள். அவள் அத்தனையையும் துப்பட்டாவில் வாரிக்கொண்டு, வெறும் பெட்டியை இடுக்கிக்கொண்டு ஓடி, நகரத் தொடங்கிய வண்டியில் ஏறினாள். அந்த நேரத்திலும் வாசலில் நின்று எனக்குக் கையாட்டினாள்.

பெங்களூர் முடிவு இன்னும் வரவில்லை. அடுத்த வாரம் கான்பூர். நேற்று அதே பெட்டியோடு எங்கள் அச்சகத்துக்கு வந்து, "கொஞ்சம் பசை இருக்குமா?" என்றாள். ஒட்டியிருந்த மூட்டு கிழியாமல் பெட்டியைப் பிரித்தாள். நான் சூட்கேஸைத் தருவதாகச் சொன்னேன். அவளோ சுவரோரம் ரயிலுக்குத் தயாராக அடுக்கியிருந்த காலண்டர் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றில்கூட ராக்கெட் வெளியே தெரியவில்லை. ஒன்றின் மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்திருந்தது என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

தன் பெட்டியைத் திருப்பி மடித்தாள், விளிம்பில் பசை தடவினாள். என் கையைப் பிடித்து இழுத்து அந்த மூட்டின் மேல் வைத்து, தன் கையை அதன் மேல் வைத்து அழுத்தினாள்.

"காயுற வரைக்கும் எடுக்காத."