அந்த ஊரில் நெருப்புக்கு வேறு பெயர்

1. அரபு அரபுதானே

பலெர்மோவில் ஓர் ஆஸ்பத்திரியில் எட்டு வருடம் மொழிபெயர்ப்பு வேலை செய்தேன். டொக்டர் இத்தாலியனில் சொல்வதை அரபுக்காரருக்குச் சொல்ல வேண்டும், அவர்கள் சொல்வதை டொக்டருக்குச் சொல்ல வேண்டும். மன்னார்க்காரிக்கு அரபு எப்படி வந்தது என்று இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் கேட்பார்கள். குவைத்தில் ஒரே வீட்டில் பதினொரு வருடம் சமைத்தேன், கூட்டினேன். அந்த வீட்டு அம்மா ஏசி ஏசியே எனக்கு அரபு படிப்பித்துவிட்டார்.

முதல் நாள் பொறுப்பாளர் சின்யோரா கேட்டது ஒரே கேள்வி.

"அரபு கதைப்பீங்களோ?"

"ஓம், குவைத் அரபு."

"அரபு அரபுதானே" என்று கையெழுத்து வாங்கினார்.

எனக்கும் அப்போது அப்படித்தான் பட்டது. எங்கள் தமிழையாவது நினைத்துப் பார்த்திருக்கலாம். "அவர் என்னைப் பேசிப்போட்டார்" என்றால் நாங்கள் ஏச்சு என்று விளங்கிக்கொள்வோம். தமிழ்நாட்டுக்காரருக்கு அது வெறும் பேச்சு. இத்தனைக்கும் நடுவில் கிடப்பது ஒரு துண்டுக் கடல். ஆஸ்பத்திரிக்கு வந்த அரபுக்காரரில் பலர் மொரோக்கோக்காரர். குவைத்துக்கும் மொரோக்கோவுக்கும் நடுவில் எத்தனை பாலைவனம், எத்தனை மலை! அவ்வளவு தூரம் போன சொல் போனபடியே இருக்குமா?

2. அரை மணித்தியாலம்

ஒருநாள் காலை தீக்காய வார்டிலிருந்து கூப்பிட்டார்கள். பலெர்மோவிலேயே அல்பெர்கேரியா என்ற பகுதியில் ஓர் அறையில் காஸ் வெடித்து, மொரோக்கோப் பெண் ஒருத்தி எரிந்து கிடந்தாள். தாய் பாத்திஹா ஊரிலிருந்து வந்து மூன்று மாதம்தான். ஒரு சொல் இத்தாலியன் தெரியாது.

டொக்டர் அவசரமாகச் சொன்னார்: "மூச்சுக்குக் குழாய் போடப்போறம். போட்டால் பிறகு கதைக்கேலாது. திரும்ப முழிப்பாவோ தெரியாது. இப்ப முழிச்சிருக்கிறா, அரை மணித்தியாலம் இருக்கு. தாயை உடனை உள்ளை வந்து கதைக்கச் சொல்லுங்கோ."

பாத்திஹா வெளியே வாங்கில் குந்தியிருந்தார். குவைத்தில், களைத்துப்போனவரிடம் ஆஃபியா சொல்லாமல் கதையைத் தொடங்கினால் மரியாதையில்லை. ஆஃபியா என்றால் சுகம், பெலன். நான் அவருடைய கையைப் பிடித்து, "அல்லா உங்கட மகளுக்கு ஆஃபியா குடுக்கட்டும்" என்றேன்.

கையை உதறினார். ஏதோ கத்தினார். உயிரெழுத்தையெல்லாம் விழுங்கிவிடும் அரபு அது, எனக்குப் பாதிகூட விளங்கவில்லை. துக்கத்தில் கத்துகிறார் என்று நினைத்து, மடைச்சி நான், அதையே இன்னும் இரண்டு தரம் சொன்னேன்.

"பர்ரா!" என்று நெஞ்சில் பிடித்துத் தள்ளினார். வெளியே போ. அந்தச் சொல் மட்டும் இரண்டு ஊரிலும் ஒன்று. டொக்டர் சொன்னதை நான் இன்னும் சொல்லத் தொடங்கவேயில்லை.

பிறகு அவரே படியிறங்கி முற்றத்துக்கு ஓடிவிட்டார். நர்ஸ் போய்க் கையைப் பிடித்து இழுத்தும் வரவில்லை. எங்கள் ஒருவரையும் கிட்ட விடவில்லை. மொரோக்கோக்காரி கதீஜாவும் என்னைப் போல மொழிபெயர்ப்பவள்தான். நாங்கள் போன் எடுத்து, நகரத்தின் சீசாப் பகுதியிலிருந்து அவள் பஸ் பிடித்து வந்து விஷயத்தைச் சொன்னதும், பாத்திஹா செருப்பும் இல்லாமல் மேலே ஓடினார். குழாய் போட்டாகிவிட்டது. மகள் பிறகு முழிக்கவேயில்லை. மூன்றாம் நாள் செத்துப்போனாள்.

3. கதீஜா சொன்னது

"நீங்கள் என்ன சொன்னனீங்கள் எண்டு தெரியுமே?" என்றாள் கதீஜா. "எங்கட ஊரிலை ஆஃபியா எண்டால் நெருப்பு. அல்லா உன்ரை மகளுக்கு நெருப்பு குடுக்கட்டும் எண்டு மூண்டு தரம் சொல்லியிருக்கிறீங்கள்."

நெருப்பைப் பெயர் சொல்லிக் கூப்பிடப் பயந்து, அந்தப் பக்கத்தில் அதைச் சுகம் என்று சொல்லத் தொடங்கினார்களாம். கொப்பளிப்பான் வந்தால் நாங்கள் அம்மாள் என்று சொல்கிறோமே, அப்படி.

"நீ நல்லதுதானே சொன்னனீ?" என்றார் வீட்டில் என் மனுசன். நல்லதுதான் சொன்னேன். சோற்றை மூடி வைத்தேன்.

அடுத்த மாரியில் பல்லரோச் சந்தையில் பாத்திஹாவைக் கண்டேன். திரும்பிவிடப் பார்த்தேன், அதற்குள் கண்டுவிட்டார். இப்போது கொஞ்சம் இத்தாலியன் பிடிபட்டிருந்தது.

"நீங்கள் சுகம் எண்டுதான் சொன்னனீங்கள். கதீஜா சொன்னவ" என்றார். வாங்கிய கொத்தமல்லியைப் பைக்குள் வைத்தார். "ஆனால் என்ரை மகள் அந்த நேரம் முழிச்சிருந்தவள்தானே?"

ஓம் என்றேன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, ஆள் எந்த ஊர் என்று முதலில் கேளுங்கள். டொக்டர் சொன்னதை அடுத்ததாகச் சொல்லுங்கள். உங்கள் மரியாதையும் ஆறுதலும் பிறகு வரட்டும்.

கதீஜாவிடம் கேட்டு மொரோக்கோ அரபில் ஒரு வசனம் பாடமாக்கினேன். வேலையை விட்டபிறகும், வீடு கூட்டும்போது அது வாயில் வந்துவிடுகிறது: மகள் முழித்திருக்கிறாள், உள்ளே போங்கள்.