பனிக்குடச் சவ்வின் ஒட்டும் பக்கம்

கல, இழையப் பொறியியலில் முதுமாணிப் படிப்புக்கு இடம் தருகிறோம் என்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் அனுப்பிய கடிதம் என் காற்சட்டைப் பையில் கிடந்து நைந்துபோயிருந்தது. சண்டையால் பாதை பூட்டு. வன்னியை விட்டு அசைய வழியில்லை. படிக்கத்தான் முடியவில்லை, பீற்றிக்கொள்ளவாவது செய்யலாம் என்று ஒட்டுசுட்டானில் கண்டவனையெல்லாம் மறித்து வைத்து, மனிதத் தோலை ஆய்வுகூடத்தில் எப்படி வளர்ப்பது என்று வகுப்பெடுத்தேன்.

என் பள்ளிக்கூடக் கூட்டாளி துணுக்காயில் மோட்டார் சைக்கிள் கராஜ் வைத்திருந்தான். அவன் மட்டும் கொட்டாவி விட்டான்.

"பாலம் கட்டத் தெரியாது, மெசின் பூட்டத் தெரியாது. நீ என்னடா எஞ்சினியர்? இறைச்சி எஞ்சினியர்."

அவன் சொல்லலாம். பெற்றோல் கண்ணில் படாத நாட்களில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓடவைத்தவன். எஞ்சின் சத்தத்தைக் கேட்டு, கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டால் பழுது இருக்கிற இடத்தில்தான் விரல் போய் நிற்கும்.

2009 தொடக்கத்தில் எல்லோரையும் போல அவனும் இடம்பெயர்ந்து, என் பக்கத்துத் தறப்பாளின் கீழ் நட்டுக் கழற்றும் சாவிகளை விரித்து வைத்திருந்தான். செல் விழுந்தது. எறிகணைத் துண்டு பட்டு, பக்கத்திலிருந்த மண்ணெண்ணெய்க் கலன் அவன் மேலேயே வெடித்துப் பற்றியது. நான் மண்ணை அள்ளி எறிந்து அணைத்தபோது, இரண்டு கைகளிலும் முழங்கை வரை தோல் கையுறை மாதிரிக் கழன்று தொங்கியது. உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினேன். அந்தப் பெட்டியில் எங்களோடு வந்தவர்களில் பாதிப்பேர் உயிரோடு இறங்கவில்லை.

ஆஸ்பத்திரி என்பது ஒரு பள்ளிக்கூடம். மேசைகளை இணைத்து அதில் கால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். மயக்க மருந்து வயிறு கிழிக்கும் வேலைக்கு மட்டும். என் கூட்டாளியின் கையை விறைக்கப் பண்ணாமலே தேய்த்துக் கழுவினார்கள். நான் அவன் மேல் ஏறியிருந்து அமத்திப் பிடித்தேன். அவன் என் தோளில் பல் பதியக் கடித்தான். கட்டுத்துணியும் முடிந்து, அவித்த சேலைக் கிழிசல்தான். அதைத் தினமும் உரிக்கும்போது கீழே முளைத்த சதையும் சேர்ந்து வந்தது.

நாலாம் நாள் டொக்டர் என்னை வெளியே கூப்பிட்டார்.

"இப்பிடியே உரிச்சுக்கொண்டிருந்தால் கிருமி ஏறும். ரெண்டு கையையும் கழட்ட வேண்டி வரும். பெடியனிட்டச் சொல்லி வையும்."

"பனிக்குடச் சவ்வைப் போடலாமே டொக்டர். பிள்ளையைச் சுத்தி இருக்கிற சவ்வு. தோல் வளருமட்டும் மூடி வைச்சிருக்கும், உரிக்கவும் தேவையில்லை."

"எனக்குத் தெரியாதெண்டோ நினைச்சீர்? தாயின்ர ரத்தத்தில என்ன இருக்கெண்டு சோதிக்க இஞ்ச ஒண்டும் இல்லை."

"கை போறதை விடவோ?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீர் ஆர்?"

"இழையப் பொறியியல்."

"படிச்சனீரோ?"

"இடம் கிடைச்சது."

வெடித்துச் சிரித்தார். பிறகு, "சரி. அந்த வகுப்பறையில காலமை சிசேரியன் செய்த தாய் ஒராள் இருக்கிறா. போய்க் கேளும். அவா ஓமெண்டால்தான் தொடலாம்" என்றார்.

அந்தத் தாய் மலையகத்திலிருந்து வந்து வன்னியில் தோட்டம் செய்த குடும்பத்தைச் சேர்ந்தவர். நான் கலம், இழையம் என்று ஐந்து நிமிடம் விளாசினேன்.

"சுத்தி வளைக்காதீங்க தம்பி. நஞ்சுக்கொடியோட வர்றதத்தானே கேக்குறீங்க?"

"ஓம் அக்கா. வீட்டு வளவுக்குள்ள புதைக்கிற வழக்கம் எண்டு தெரியும்..."

"எந்த வீட்டுல? பொதைச்சா அடுத்த செல்லு தோண்டி வெளிய போட்டுரும். எடுத்துக்கங்க. ஆனா யாருக்குன்னு நான் பாக்கணும்."

அவனைக் கூட்டிப்போய் நிறுத்தினேன். அவர் முகத்தைத் திருப்பாமல் இரண்டு கைகளையும் பார்த்தார்.

"அக்கா, இனி உங்கட பிள்ளைக்கு நான் மாமன்" என்றான் அவன்.

"மாமன்னா சும்மா கையோட வரக்கூடாது" என்றார் அவர். அவன் சிரித்தது எரிந்ததற்குப் பிறகு அன்றுதான்.

டொக்டர் சவ்வை உரித்து, சேலைனில் இரத்தம் போகுமட்டும் அலசி, இரண்டு துண்டாக வெட்டினார். ஒரு கைக்கு ஒன்று, சரிமட்டாக. அதற்குள் வாசலில் யாரோ குடலைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து விழ, "வைக்காதையும், நான் வாறன்" என்று ஓடினார்.

நான் காத்திருக்கவில்லை. அந்த ஊரில் இதைப்பற்றி வாசித்தவன் நான் ஒருத்தன்தானே என்ற திமிர். அவன் வலியில் கண்ணை இறுக மூடி முகத்தை அந்தப் பக்கம் திருப்பியிருக்க, ஒரு துண்டை எடுத்து வலக்கையில் விரித்தேன். சவ்வுக்கு இரண்டு பக்கம். ஒன்று வழுக்கும், ஒன்று ஒட்டும். பஞ்சால் தொட்டுப் பார்த்தால் ஒட்டும் பக்கம் நூல் மாதிரி இழுபடும். பத்துத்தரம் வாசித்திருக்கிறேன். தொட்டுப் பார்க்கவில்லை.

விளையாட்டுத் திடலில் செல் விழுந்தது. ஓடுகள் கொட்டின. சன்னலோரம் படுத்திருந்த கிழவருக்குக் கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை. அவன் கை துள்ளியது. சவ்வு நனைந்த பொலித்தீன் மாதிரி வழுக்கி, தரையில் கிடந்த இரத்தத்துக்கும் ஓட்டுத்தூளுக்கும் நடுவில் விழுந்தது. ஒட்டும் பக்கமாக வைத்திருந்தால் விழுந்திருக்காது.

திரும்பி வந்த டொக்டர் தரையைப் பார்த்து, என் காதோடு கேட்டார்.

"எந்தப் பக்கம் வைச்சனீர்?"

மற்றத் துண்டைப் பஞ்சால் தொட்டார். நூல் இழுபட்டது. அந்தப் பக்கத்தை இடக்கையில் வைத்தார். அது அப்படியே பிடித்துக்கொண்டது.

"மற்றக் கைக்கு?" என்று அவன் கேட்டான்.

"துண்டு காணாது, ஒரு கைக்குத்தான் வந்தது" என்று என்னைப் பார்க்காமல் சமாளித்தார் டொக்டர்.

பிறகு அங்கே சிசேரியன் செய்ய மயக்க மருந்தும் இருக்கவில்லை, வேறு சவ்வும் கிடைக்கவில்லை. சவ்வு வைத்ததிலிருந்து ஆறாம் நாள் வலக்கையில் நாலு விரல்கள் கறுத்து, கழட்டிவிட்டார்கள். எட்டாம் நாள் இடக்கையில் சவ்வு காய்ந்து வெங்காயச் சருகு மாதிரித் தானாகவே எழும்பியது. கீழே புதுத்தோல், இளஞ்சிவப்பு. அவன் விரல்களை மடக்கி விரித்துப் பார்த்தான்.

"டேய் மச்சான், நீ விசயகாரன்தானடா. இந்தக் கையால சாவி பிடிப்பன்."

அவன் ஏசியிருந்தால் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருப்பேன்.

"மற்றக் கைக்கும் துண்டு இருந்தது" என்றேன். "நான் மாறி வைச்சிட்டன். ஒட்டாமல் விழுந்திட்டுது."

அவன் விரல் போன வலக்கையைப் பார்த்தான். பிறகு இடக்கையால் என் கன்னத்தில் விட்டான் ஒரு அறை. காது கூவியது. அவன் பெருவிரல் அடியில் புதுத்தோல் வெடித்து இரத்தம் கசிந்தது. நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"விசரா, அந்தக் கையால அடியாதை! பிஞ்சிடும்!"

"அப்ப எந்தக் கையாலயடா அடிக்கிறது?"

அதோடு வயிற்றில் உதைத்தான். நான் மேசைகளுக்கு நடுவில் போய் விழுந்தேன். நேர்ஸ் ஓடிவந்து, "செல்லடி காணாதெண்டோ நீங்களும் அடிபடுறியள்?" என்று இருவரையும் ஏசினார். அவன் இரத்தம் கசிந்த கையை அவரிடம் நீட்டினான். கட்டுத்துணியைப் பிடித்துக் கொடுக்க நான் கிட்டப் போனபோது, கையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.