ஃபுல்க்ரான் கால்வைத்த தோட்டங்கள்

எங்கள் ஊரில் திராட்சைக்கொடி ஒன்று பட்டுப்போனால் ஃபுல்க்ரானைத்தான் கூப்பிடுவோம். பக்கத்துக் கொடியின் நீண்ட கிளையை வளைத்து, செத்தது நின்ற குழியிலேயே பதியம் போடுவார். அடுத்த வசந்தத்தில் அது துளிர்க்காமல் போனதே இல்லை. வாய்தான் கொஞ்சம் ஏடாகூடம். "உங்க பிரசங்கம் பாதி பட்டுப்போச்சு சாமி, வந்து பதியம் போடட்டுமா?" என்று பாதிரியாரையே கேட்டவர்.

பிரஷ்யாக்காரர்களோடு நடந்த சண்டை முடிந்த மறு கோடையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கொடிகள் மஞ்சளித்துச் சாகத் தொடங்கின. தோண்டினால் வேர் கறுத்து அழுகிக் கிடக்கும். ஒரு பூச்சிகூட இருக்காது. அந்தக் குளிர்காலத்தில் ஃபுல்க்ரான் ஏழு தோட்டங்களில் செத்த கொடிகளின் குழியில் பதியம் போட்டார். அடுத்த கோடையில் அந்த ஏழிலும், அவர் நின்று வேலை செய்த இடத்திலிருந்து, துணியில் எண்ணெய் பரவுவதுபோல மஞ்சள் வட்டம் பரவியது. அவர் போகாத தோட்டங்கள் பச்சையாகவே இருந்தன.

ஊர் சும்மா இருக்குமா? அவரைத் தெருவில் கண்டால் பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

"அந்த ஆளு பின்னாடியே சாவு நடந்து வருது, ஸெஃபிரீன். உன் தோட்டத்துக்குள்ள விட்டுடாத" என்றாள் என் நாத்தனார் உர்சூல்.

"கழுதைகூட இப்படிப் பேசாதுடி" என்றேன். கணவர் போன பிறகு எனக்கென்று இருந்தது பன்னிரண்டு வரிசைக் கொடிகள்தான். ஆனாலும் அந்த வீம்பிலேயே ஃபுல்க்ரானைக் கூப்பிட்டு, காற்றில் ஒடிந்த இரண்டு கொடிகளுக்குப் பதியம் போடச் சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டது.

அடுத்த மே மாதம் கொடிநோயைப் பார்க்க ஓர் அதிகாரி பூதக்கண்ணாடியோடு வந்தார். உர்சூலின் தோட்டத்தில் செத்த கொடியைக் காட்டினோம். அவர் அதை விட்டு, பக்கத்தில் செழித்து நின்றதைத் தோண்டினார். வேர் முழுக்க மஞ்சள் பொடி. கண்ணாடியை வைத்துப் பார்த்தால் பொடி நகர்ந்தது.

"செத்ததுல என்னம்மா இருக்கும்? சாறு தீர்ந்தா இந்தப் பேன் அடுத்த வேருக்குப் போயிடும்."

பிறகு எங்களோடு நின்ற ஃபுல்க்ரானின் மரச்செருப்பை வாங்கிப் பார்த்தார். காலையில் ஃபுல்க்ரான் தன் தோட்டத்தைக் கொத்தியபோது ஏறிய ஈரமண் அதில் ஒட்டியிருந்தது. அதுவும் நகர்ந்தது.

ஃபுல்க்ரான் வெகுநேரம் கண்ணாடி வழியே பார்த்தார். "நான்தான் சுமந்துக்கிட்டுப் போயிருக்கேன், ஸெஃபிரீன். உன் தோட்டத்துக்கும்."

என் கொடிகள் இரண்டே கோடையில் தீர்ந்தன.

பிறகு அமெரிக்காவிலிருந்து அந்த ஊர்த் திராட்சையின் வேர்க்கட்டை வந்தது. பேனால் அதைக் கொல்ல முடியாது. அதன்மேல் எங்கள் கொடியை ஒட்டுப்போட ஃபுல்க்ரானைவிட நல்ல கை இல்லை. எல்லாம் வீட்டு மேஜையிலேயே செய்து கொடுத்தார். சாகும்வரை எந்தத் தோட்டத்திலும் கால்வைக்கவில்லை.

அவர் பெட்டியைக் கல்லறைக்குக் கொண்டுபோக என் தோட்டத்தின் நடுவே குறுக்கு வழி உண்டு. அங்கே நின்றதெல்லாம் அவர் ஒட்டுப்போட்ட கொடிகள். தூக்கி வந்தவர்கள் நின்று என் முகத்தைப் பார்த்தார்கள். இனி எதுவும் ஆகாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அவர் கடைசிவரை மிதிக்காத மண் அது.

"சுத்திப் போங்க" என்றேன்.