நாலாம் மாடிக்கு ஒரு பொன்னாடை

பொன்னாடை போர்த்துகிற வேலைக்கு என்னைப் பிடித்ததுதான் அவர்கள் விட்ட பிழை. கவுன்சில் தேர்தல் வந்தால் எங்கள் ஆட்களுக்கு மாலையும் சால்வையும் இல்லாமல் கை கால் ஓடாது, லண்டனிலும் அப்படித்தான்.

கவுன்சிலுக்குச் சொந்தமான எங்கள் மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பழுதாகி மாதக்கணக்கு. பக்கவாதம் வந்த என் மனுசன் நாலாம் மாடியில், சக்கர நாற்காலியில், ஜன்னலே கதியென்று கிடந்தார். எங்கள் வட்டாரத்து வெள்ளைக்காரக் கவுன்சிலருக்கு எத்தனை தரம் போன் எடுத்திருப்பேன்! ஒரு பதிலும் இல்லை. ஆற்றைக் கடக்கும் வரைதான் அண்ணன் தம்பி. இப்போது மறுபடியும் ஆறு வந்துவிட்டது, மனிதர் பட்டு வேட்டியோடு கோயில் மண்டபத்து விழாவுக்கு வந்து நின்றார்.

மேடையேறி, தோர்ண்டன் ஹீத் தமிழ்க் கடையில் வாங்கிய சரிகைப் பொன்னாடையை விரித்தேன். அவர் சிரித்தபடி குனிந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொன்னாடையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அவருக்கு விளங்க ஆங்கிலத்திலேயே சொன்னேன்: நாலாம் மாடிக்கு ஏறி வாருங்கள், அங்கே வைத்துப் போர்த்துகிறேன்.

விழாத் தலைவர் ஓடி வந்தார். "அக்கா, எங்கடை மானம் போகுது! போர்த்திப்போட்டு இறங்குங்கோ."

"உங்கடை மானம் இந்தச் சால்வைக்குள்ளையோ கிடக்குது? ஏலாது."

வீட்டுக்கு வந்து அதை என் மனுசனின் தோளில் போட்டேன். கவுன்சிலர் வரவில்லை.

தேர்தலன்று, வாக்கைத் தபாலிலேயே போட்டிருக்கலாமே என்று முணுமுணுத்தேன். வாய் கோணினாலும் என் மனுசனுடைய பிடிவாதம் கோணவில்லை. "நான் இறங்கிப் போய்த்தான் போடுவன்." பக்கத்து வீட்டு இளைஞர்கள் இருவர் நாற்காலியோடு தூக்கி, மாடிக்கு மாடி இறக்கிவைத்து மூச்சு வாங்கிக் கீழே சேர்த்தார்கள்.

தெருமுனைப் பள்ளிக்கூடம்தான் வாக்குச்சாவடி. வாசலில் கவுன்சிலர் கை குலுக்கிக்கொண்டு நின்றார். தோளில் பொன்னாடையோடு உள்ளே போய், வாக்குச் சீட்டில் புள்ளடி போட்டுவிட்டு வெளியே வந்த என் மனுசன், அவருக்கு முன்னால் நாற்காலியின் பிரேக்கை இழுத்துப் போட்டார்.

"மேலை ஏத்துறதெண்டால் இவரும் தூக்கட்டும்."

நான் மொழிபெயர்த்தேன். சனம் கூடிவிட்டது. வேறு வழியில்லாமல் அவர் கோட்டைக் கழற்றினார்.

நாலாம் மாடியில் வியர்த்துக் கொட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கண் பொன்னாடை மேல் போனது.

"இது என்ரை மனுசன்ரை," என்றேன் ஆங்கிலத்தில். "லிஃப்ட் ஓடட்டும், உங்களுக்குப் புதுசு வாங்கிப் போர்த்துறன்."