இரண்டு தெருவுக்கும் ஒரே சத்தம்

என் காதைப் பற்றி எனக்கு ரொம்பத் திமிர். அரூர் பக்கத்தில் எங்கள் வீட்டுப் பின்னறையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஹெட்போன், தரையில் ஒரு பாய். அங்கே உட்கார்ந்துதான் பம்பைச் சத்தத்தோடு எலக்ட்ரானிக் இசையைக் கலந்து திருவிழாப் பாட்டு செய்வேன். மெட்டுப் போடுவது பெரிய வித்தை இல்லை. எந்தச் சத்தம் எவ்வளவு, இடது பக்கம் எவ்வளவு, வலது பக்கம் எவ்வளவு என்று அளந்து வைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதில் என்னை அடிக்க இந்த ஜில்லாவில் ஆள் இல்லை என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

போன ஆடியில் பக்கத்து ஊர் மாரியம்மன் திருவிழா. சவுண்டு செட்டுக்காரர் என் புதுப் பாட்டைப் போட்டார். கோயில் இரண்டு தெரு கூடும் முனையில் இருக்கிறது. அவர் வழக்கம்போல இடது லைனை மேலத்தெரு ஸ்பீக்கர் பாக்ஸ்களுக்கும், வலது லைனைக் கீழத்தெரு பாக்ஸ்களுக்கும் கொடுத்திருந்தார். பாட்டு ஆரம்பித்ததும் கீழத்தெரு அதிர்ந்தது. மேலத்தெருவில் கொசு கத்துகிற மாதிரி இருந்தது. பத்து நிமிஷத்தில் மேலத்தெரு ஆட்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

"ஏம்பா, ஆத்தா அவங்களுக்கு மட்டுந்தானா? எங்க தெருன்னா அவ்ளோ எளக்காரமா?"

நான் செட்டுக்காரர் மேல் பாய்ந்தேன். ஒயர் சரியில்லை, ஆம்ப்ளிஃபயர் குப்பை என்று வாயில் வந்தபடி திட்டினேன். அந்த மனிதர் இரண்டு ஒயரையும் பிடுங்கி மாற்றிச் செருகினார். இப்போது மேலத்தெரு அதிர்ந்தது, கீழத்தெரு அடங்கிப்போனது. பிறகு வேறு யாரோ செய்த பாட்டைப் போட்டார். இரண்டு தெருவிலும் ஒரே சத்தம்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். கோளாறு உங்க பாட்டுலதாங்க. போய் நல்லாக் கேட்டுப் பாருங்க" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மறுநாள் காலையில் ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். ஒரு குறையும் இல்லை. மனைவியைக் கூப்பிட்டு அவள் தலையில் மாட்டினேன்.

"ஐயோ, வலது பக்கம் காது கிழியுதுங்க!" என்று கழற்றிப் போட்டாள்.

"உனக்கு என்னடி தெரியும்?" என்று கத்தினேன். கத்திவிட்டு, ஹெட்போனைப் பக்கம் மாற்றி மாட்டிப் பார்த்தேன். பாட்டு மொத்தமும் இடது காதில் கொட்டியது. வலது காதில் எங்கோ தூரத்தில் பஸ் போகிற மாதிரி ஏதோ ஒன்று. பழைய பாட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒவ்வொன்றிலும் வலது பக்கத்தை முந்தையதைவிடக் கொஞ்சம் ஏற்றி வைத்திருந்தேன். மூன்று வருஷமாக ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறேன், பாவி.

சேலத்தில் காது டாக்டரிடம் போனோம். கண்ணாடி அறையில் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். இடது காதுக்கு விடாமல் அழுத்தினேன். வலது காதுக்கு எப்போது ஆரம்பிப்பார்கள் என்று காத்திருந்தேன். "சத்தம் போயிட்டுத்தாங்க இருக்குது" என்றாள் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்.

வலது காது நரம்பு பாதிக்கு மேல் செத்துவிட்டது, இத்தனை வருஷம் திருவிழாவில் என் பாட்டு ஓடும்போதெல்லாம் வலது காதை பாக்ஸ் பக்கம் காட்டி நின்றதுதான் காரணம், போனது இனி வராது என்றார் டாக்டர். மிச்சக் காதாவது வேண்டுமென்றால் இந்தத் தொழிலை விட்டுவிடச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து குழந்தை மாதிரி அழுதேன். மனைவி தேற்றவில்லை. ஏதோ யோசனையாக இருந்தாள்.

"நீங்க எடது பக்கமாத்தானே ஒருக்களிச்சுப் படுப்பீங்க?" என்றாள்.

ஆமாம். நல்ல காது தலையணைக்குள் இருக்கும்.

"வெளக்க அணைச்சப்புறம் நான் பேசுவேன். நீங்க ஒரு பதிலும் சொல்ல மாட்டீங்க. புடிக்காமத்தான் சும்மா இருக்கீங்கன்னு நெனச்சிக்கிட்டேன். அப்புறம் பேசறதையே வுட்டுட்டேன்."

என்ன சொன்னாய் என்று கேட்டேன். இடது காதை அவள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு மறுபடியும் கேட்டேன்.

"அது அப்பச் சொன்னதுங்க. இப்ப வராது" என்று சொல்லிவிட்டு உலை வைக்க எழுந்து போனாள்.