ஆலப்பாக்கம் தாண்டியாச்சா?

என் மகள் வண்டியிலிருந்து விழுந்ததை நான் பார்க்கவில்லை. கேட்டேன். கடலூரில் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து, மொபைலைக் காதில் வைத்தபடி கேட்டேன். யாரிடமாவது இதைச் சொன்னால், "ஐயோ, லைன்ல இருந்தீங்களா?" என்கிறார்கள். ஆமாம் என்று தலையசைக்கிறேன். நான் லைனில் இருந்ததால்தான் அவள் ஒரு கையால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாளா என்று யாரும் கேட்பதில்லை.

அவளுக்குச் சிதம்பரத்தில் வேலை. ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிறாள். முதலில் பஸ்ஸில்தான் போய் வந்தாள். பிறகு சொந்தச் சம்பளத்தில் பைக் வாங்கினாள். நான் ஸ்கூட்டி வாங்கச் சொன்னேன். "ஸ்கூட்டியில நெடுஞ்சாலையில போனா லாரி காத்துக்கே ஆடும்பா" என்றாள். அது உண்மைதான். அதற்கு மேல் நான் பேசவில்லை. அதற்குப் பதிலாக ஃபோன் செய்யத் தொடங்கினேன்.

காலையில் அவள் கிளம்பிய பிறகு நானும் என் வண்டியில் அலுவலகம் வந்துவிடுவேன். கணக்குப் பிரிவில் என் மேஜை ஜன்னலோரம். உட்கார்ந்ததும் அவள் எங்கே போய்க்கொண்டிருப்பாள் என்று மனத்துக்குள் ஒரு படம் ஓடும். முதுநகர் தாண்டியிருப்பாள். இப்போது காரைக்காடு. ஆலப்பாக்கம் வரும் நேரத்துக்குக் கை தானாக மொபைலை எடுத்துவிடும். "ஆலப்பாக்கம் தாண்டியாச்சா?" என்பேன். காற்றுச் சத்தத்துக்கு நடுவில் "ம்" என்பாள். அவ்வளவுதான். அந்த ஒரு எழுத்து கிடைத்தால் முட்லூர் வரை என்னால் வேலை பார்க்க முடியும். முட்லூருக்கு இன்னொரு ஃபோன்.

எடுக்காவிட்டால் நான் விடமாட்டேன். திரும்பத் திரும்பப் போடுவேன். ஒருமுறை ஸ்கேன் சென்டருக்கே போட்டு, வரவேற்பில் இருந்த பெண்ணைப் பதற வைத்து, அந்தப் பெண் டாக்டரிடம் சொல்லி, என் மகள் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் வாசலில் நின்றிருந்தார்களாம். அன்று இரவு அவள் என்னோடு பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு ஃபோனைக்கூட எடுக்காமல் இருந்ததில்லை.

ஓடுகிற வண்டியில் எப்படி எடுக்கிறாள் என்று நான் கேட்டதில்லை. தொடக்கத்தில் ஓரமாக நிறுத்திப் பேசியிருக்கிறாள். வேலைக்குத் தாமதமானது. பிறகு இந்தச் சாலையில் பாதிப் பேர் செய்வதை அவளும் பழகிக்கொண்டாள். கிளட்சிலிருந்து இடது கையை எடுத்து, பாக்கெட்டிலிருந்து மொபைலை உருவி, கட்டைவிரலால் அழுத்தி, கன்னத்துக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவில் செருகிக்கொள்வது. தாடைப் பட்டையைப் பூட்டினால் ஹெல்மெட் இறுகிவிடும், மொபைல் நுழையாது. அதனால் பட்டையைப் பூட்டுவதில்லை. தினமும் காலையில் அவள் கேட்டைத் தாண்டும்போது அந்தப் பட்டை இரண்டு பக்கமும் தொங்கி ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். "மெதுவா போம்மா" என்பேன். பட்டையைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. போலீஸ் நிற்கிற முனை வந்தால் மட்டும் பூட்டுகிற ஆள்தான் நானும்.

மாசி மாதம். சம்பா அறுவடை முடிந்து சாலையோரமெல்லாம் நெல் காய்ந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் களத்தைவிடத் தார்ச்சாலையில் சீக்கிரம் காயும் என்று பாதி ரோட்டில் நெல்லைப் பரப்பிவிடுவார்கள். வண்டி ஏறிவிடாமல் இருக்க ஓரத்தில் வரிசையாகக் கல் வைப்பார்கள். ஓட்டுகிறவர்களுக்கு அது பழகின விஷயம். இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருந்தால் தூரத்திலேயே விலகிப் போய்விடலாம்.

"ஆலப்பாக்கம் தாண்டியாச்சா?" என்றேன்.

"ம்" என்று தொடங்கியது. முடியவில்லை.

தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல் ஒரு சத்தம். பிறகு ஏதோ உருள்கிற சத்தம். அது நிற்கும்வரை கேட்டேன். பிறகு ஒரு லாரி கடந்து போனது. அழைப்பு துண்டிக்கப்படவில்லை. "பாப்பா, பாப்பா" என்று கத்தினேனாம். பக்கத்து மேஜைக்காரர் பிறகு சொன்னார். எனக்கு நினைவில் இருப்பது ஒரு பெண் குரல்தான்.

"ஏ, இங்க வாடி. ஹெல்மெட்டுக்குள்ளேருந்து ஒரு ஆளு கத்துறான்."

ஹெல்மெட் கழன்று உருண்டு நெல்லுக்குள் கிடந்திருக்கிறது. மொபைல் அதற்குள்ளேயே இருந்திருக்கிறது. என் மகளின் தலை வேறெங்கோ இருந்தது. என் குரல் மட்டும் அந்த ஹெல்மெட்டுக்குள் பத்திரமாக இருந்தது.

"யாருய்யா நீ?" என்றது அந்தக் குரல், இப்போது கிட்டத்தில்.

"அவ அப்பா."

"பொண்ணு உழுந்துடுச்சி. உசுரு இருக்குது, கண்ண தொறந்து பாக்குது. ஆம்புலன்சுக்குச் சொல்லியாச்சி. நீ கத்தாத, ஃபோன வையி. அது பாக்குது பாரு, நீ கத்துறத கேட்டு பயப்படுது."

வைத்தேன். எப்படி வண்டி எடுத்தேன், யார் கூட வந்தார்கள், எதுவும் ஒழுங்காக நினைவில் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் தலையில் நெல் காயவைத்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணின் துண்டு கட்டியிருந்தது. காதுக்கு மேலே முடியை மழித்துத் தையல் போட்டார்கள். காறை எலும்பு முறிந்திருந்தது. எடுத்த எக்ஸ்ரே படத்தைக் கேட்டு வாங்கி, நல்ல கையால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"படம் சரியா எடுக்கல. இன்னும் கொஞ்சம் சாய்ச்சி எடுத்திருக்கணும்" என்றாள்.

என் மனைவி அப்போதுதான் அழத் தொடங்கினாள். நான் அழவில்லை. சிரிக்கவும் இல்லை. அன்றிலிருந்து அப்படித்தான் இருக்கிறேன். சாப்பிடுகிறேன், அலுவலகம் போகிறேன், கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். சமையலறையில் தட்டு விழுந்தால் மட்டும், விழுந்தது தட்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் அவள் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை.

"இனிமே வண்டியில போகும்போது நான் எடுக்க மாட்டேன்பா. நீங்களும் போடக் கூடாது."

"சரிம்மா."

"அவரா போடாம இருப்பாரு?" என்றாள் மனைவி. "சோறு இல்லாம வேணா இருப்பாரு."

நான் வேறு வழி பார்த்தேன். பண்ருட்டியிலிருந்து என் மச்சான் பலாப்பழத்தோடு வந்திருந்தான். என் மனைவியின் தம்பி. முந்திரி வியாபாரம் செய்பவன், பைக்கைச் சரி செய்துகொண்டு வந்ததும் அவன்தான். மொட்டைமாடிக்குக் கூட்டிப் போய், வண்டியை வாங்க ஆள் பார்க்கச் சொன்னேன்.

"வித்துடலாம் மாமா, அதுல ஒன்னும் இல்ல" என்றான். "உங்க கைய எங்க கொண்டுபோயி விக்கிறது?"

நான் மொபைலை எடுத்து மணி பார்த்தேன்.

"பஸ்ல போனாலும் போடுவீங்க. நடந்து போனாலும் போடுவீங்க. நீங்க ரயில்வேல இருந்திருக்கணும் மாமா. எந்த வண்டி எந்த ஸ்டேசன்ல நிக்குதுன்னு கரெக்டா சொல்லியிருப்பீங்க." பிறகு தோளில் கை வைத்து, "அது ஓட்டட்டும். நீங்க நிறுத்துங்க" என்றான்.

எலும்பு கூடும்வரை அவள் கழுத்தில் மாட்டிய கைத்தொட்டிலோடு பஸ்ஸில் போனாள். பஸ்ஸில் ஃபோனை எடுப்பதால் ஓர் ஆபத்தும் இல்லை. ஆனாலும் எடுக்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டாள். "பஸ்லயே பழகிடுவோம்பா. எனக்கு எடுக்காம இருக்கப் பழகணும், உங்களுக்குப் போடாம இருக்கப் பழகணும்."

முதல் நாள், ஆலப்பாக்கம் வரும் நேரத்துக்குக் கை போட்டுவிட்டது. அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டேன். மறுபடியும். சாயந்தரம் வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பக்கத்து சீட்ல இருந்த அம்மா என்ன கேட்டாங்க தெரியுமா? 'புருஷனாம்மா? சண்டையா? எடுத்துப் பேசிடு, பாவம்'னாங்க."

மனைவி சிரிப்பை அடக்க வாயில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த நாள் மொபைலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். ஆலப்பாக்கம் வரும் நேரத்துக்கு அலுவலகத் தொலைபேசி என் கையில் இருந்தது. தெரியாத எண் என்று நினைத்து எடுத்துவிடுவாள் என்று எண்ணினேன். அவள் எடுத்தாள். "அப்பா, இது உங்க ஆபீஸ் நம்பர்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். ரிசீவரைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். எனக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அவள் குரலைக் கேட்டுவிட்டேன் என்பது மட்டும்தான் இருந்தது.

அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் பயம் வந்தது, என்னைப் பற்றி. அவள் பக்கத்து வேலையை அவள் செய்துவிட்டாள். வண்டி ஏறுவதற்கு முன்பே, பஸ்ஸிலேயே, தன் கையை அடக்கிக்கொண்டாள். ஆனால் முதுகுப் பையில் மொபைல் அதிர்ந்துகொண்டே இருந்தால் எத்தனை நாள் தாங்குவாள்? ஒருநாள், என் அப்பா பாவம் என்று இரக்கப்பட்டு, அந்த இடது கை மறுபடியும் கிளட்சை விடும். அவள் இரக்கத்தில்தான் பட்டை தொங்கியது. நான் நிறுத்தாவிட்டால் அவள் நிறுத்தியது நிற்காது.

அதன் பிறகு போடாத நாட்கள் வந்தன. போட்ட நாட்களும் இருந்தன. போட்டதை அவள் சொல்லிக்காட்டவில்லை. போடாததையும்தான்.

வெயில் ஏறிய சித்திரையில் டாக்டர் வண்டி ஓட்டலாம் என்றார். அந்தக் காலையில் மூவரும் கேட்டருகே நின்றோம். புது ஹெல்மெட். மொபைலை எனக்குத் தெரியும்படி முதுகுப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். பட்டையைப் பூட்டினாள். 'டக்' என்றது.

"இழுத்துப் பாருங்க" என்றாள்.

தாடைக்குக் கீழே விரலை விட்டு இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. அவள் கழுத்தின் சூடு விரலில் பட்டது.

"போய்ச் சேந்ததும் நானே பண்றேன். அதுவரைக்கும்..."

"தெரியும்."

வண்டியைக் கிளப்பியவள் திரும்பிப் பார்த்தாள். "உங்க லாக் யாரு போடுறது? போலீசா?"

நானும் பூட்டிக்கொண்டேன். கழுத்தில் வேறு யாரோ கை வைத்திருப்பதுபோல் இருந்தது. அப்படியே அலுவலகம் போனேன்.

மொபைலைச் சட்டைப் பையில் வைக்கவில்லை. கழற்றிய ஹெல்மெட்டுக்குள் போட்டு, எழுந்துதான் எடுக்க வேண்டும் என்று எதிரே இருந்த இரும்பு அலமாரி மேல் வைத்தேன். முதுநகர். காரைக்காடு. படம் ஓடாமல் நிறுத்த முடியவில்லை. கை சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்து, வெறுமையாக இருப்பதைக் கண்டு, மேஜைக்குத் திரும்பியது. ஆலப்பாக்கம். இப்போது ரோட்டில் நெல் இருக்காது, எள் போட்டிருப்பார்கள். அதற்கும் கல் வைப்பார்கள். முட்லூர். வெள்ளாற்றுப் பாலம். சிதம்பரம்.

அவள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய நேரம் வந்தது. போனது. அலமாரி மேல் ஒரு சத்தமும் இல்லை.

ஒருவர் கட்டண விஷயமாக வந்தார். என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன் என்று தெரியாது. நன்றி சொல்லிவிட்டுப் போனார், அதனால் சரியாகத்தான் சொல்லியிருப்பேன். டீ வந்தது. ஆறியது. மேஜைமேல் அலுவலகத் தொலைபேசி இருந்தது. அவள் எண் எனக்கு மனப்பாடம். ரிசீவரை எடுத்தேன். அந்த நீளமான 'ங்' சத்தத்தைக் கேட்டேன். வைத்தேன். விழுந்திருந்தால் நான் போடுவதால் எழப்போவதில்லை. ஓட்டிக்கொண்டிருந்தால் நான் போடுவதால் விழக்கூடும். இதை எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஆறுதலாக இல்லை. கணக்காக மட்டும் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் டிபன் பாக்ஸைத் திறந்தார்கள். நான் திறக்கவில்லை. பக்கத்து மேஜைக்காரர் அலமாரியைப் பார்த்துச் சொன்னார்.

"சார், உங்க ஹெல்மெட் கூப்புடுது."

எழுந்து போனேன். ஹெல்மெட்டுக்குள் கையை விட்டு எடுத்தேன்.

"அப்பா, சாப்ட்டீங்களா?"

"எப்பம்மா போய்ச் சேந்த?"

"எங்க?" என்றாள். பிறகு, "ஐயோ. அப்பா. மறந்தே போயிட்டேன். வந்ததுமே ஒரே கூட்டம், கால் உடைஞ்ச ஒரு தாத்தாவ தூக்கிட்டு வந்தாங்க. சத்தியமா மறந்துட்டேன்பா."

"பரவால்ல."

"காலையிலேருந்து நீங்க ஒரு தடவகூடப் போடலியா?"

"போடக் கூடாதுன்னு சொன்னியே."

அவளுக்குப் பின்னால் யாரோ அடுத்த டோக்கனைக் கூப்பிடும் குரல் கேட்டது. மகிழ்ச்சி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அலமாரியைப் பிடித்துக்கொண்டேன். அவள் என்னை மறந்து அவ்வளவு தூரம் ஓட்டிப் போயிருக்கிறாள் என்பதை மெதுவாகப் புரிந்துகொண்டேன். இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருந்திருக்கும்.

"சாயந்தரம் அஞ்சரைக்குக் கிளம்புவேன்பா" என்றாள். "இருட்டுறதுக்குள்ள வந்துடுவேன். நடுவுல பண்ணாதீங்க. சரியா?"

"ம்" என்றேன்.

மொபைலை மறுபடியும் ஹெல்மெட்டுக்குள் போட்டுவிட்டு வந்து, டிபன் பாக்ஸைத் திறந்தேன்.